ஆரஞ்ச், பார்வன்: நேஷனல்ஸ் கட்சி இழந்த இரண்டு கோட்டைகள்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இவை இரண்டும் கிராமப்புறத் தொகுதிகள். ஆரஞ்ச் 1947 முதலும், பார்வன் 1950 முதலும் நேஷனல்ஸ் கட்சியின் கையில் இருந்தன (அந்நாளில் அதன் பெயர் கன்ட்ரி கட்சி). இரண்டையும் பறித்தது சூட்டர்ஸ், ஃபிஷர்ஸ் அண்ட் ஃபார்மர்ஸ் என்ற சிறிய கட்சி.

ஆரஞ்சில் கோபம் சட்டென்று வெடித்தது. 2016-இல், நேஷனல்ஸும் அங்கம் வகித்த மாநில அரசு கிரேஹவுண்ட் நாய்ப் பந்தயத்துக்குத் தடை அறிவித்தது. ஊராட்சி மன்றங்களைக் கட்டாயமாக இணைக்கவும் முனைந்தது. தடையை அக்டோபரில் கைவிட்டும் பயனில்லை. நவம்பர் 12 இடைத்தேர்தலில், மறு எண்ணிக்கைக்குப் பிறகு, சூட்டர்ஸ் கட்சியின் பிலிப் டொனாட்டோ வெறும் 50 வாக்குகளில் வென்றார். ஒரு தெருவில் இருப்பவர்கள் மாற்றிப் போட்டிருந்தால் முடிவே வேறு!

பார்வனில் கோபம் மெல்லக் கனிந்தது. மாநிலப் பரப்பில் ஏறக்குறைய பாதி இந்த ஒரே தொகுதி. வறட்சி, டார்லிங் ஆற்றில் தண்ணீர் இல்லை, 2019 தொடக்கத்தில் ஆற்றோர ஊரான மெனின்டீயில் லட்சக்கணக்கான மீன்கள் செத்து வெள்ளை வெள்ளையாக மிதந்தன. அந்த மார்ச்சில் நடந்த மாநிலத் தேர்தலில் அதே கட்சியின் ராய் பட்லர் வென்றார். என் பார்வையில் இதுதான் ஆழமான மாற்றம், ஆறு போனால் ஊரே போகும் அல்லவா?

அப்புறம் 2022-இல் இருவருமே கட்சியை விட்டு விலகினார்கள். 2023-இல் சுயேச்சைகளாக நின்று இருவரும் மீண்டும் ஜெயித்தார்கள்.