படிவத்தில் புலம் இருக்கிறதா? இந்தக் கேள்விக்கு ஜேகுவரி எவ்வளவு உதவும்

2006-இல் ஜான் ரெசிக் வெளியிட்ட ஜேகுவரி, உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கான ஆயத்த நிரல்களின் தொகுப்பு. நூலகம் எனப்படும் இது எண்ணற்ற பழைய இணையதளங்களில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் அனிமேஷன்களையோ ஏஜாக்ஸ் (பக்கத்தை மீண்டும் ஏற்றாமல் தரவு பெறும்) வசதிகளையோ நான் இங்கே எடைபோடப் போவதில்லை. இணையப் பக்கத்தின் ஒரு படிவத்தில் குறிப்பிட்ட புலம், அதாவது தகவலை நிரப்பும் பெட்டி, இருக்கிறதா இல்லையா என்ற ஒரே கேள்விக்கு அது தரும் விடை, உலாவி தானே தரும் விடையைவிட மேலானதா என்பதை மட்டும் பார்க்கிறேன்.

கேள்வி சிறியது, ஆனால் அடிக்கடி எழுவது. ஒரே ஸ்கிரிப்ட் பல பக்கங்களில் ஏற்றப்படும்போது, பதிவுப் பக்கத்தில் உள்ள கைபேசி எண் புலம் உள்நுழைவுப் பக்கத்தில் இருக்காது. இல்லாத புலத்தின் மதிப்பைப் படிக்க முயன்றால் டைப்எரர் என்ற பிழை எழும். அதைப் பிடித்துக் கையாளும் நிரல் இல்லையென்றால் அதற்குக் கீழுள்ள வரிகள் ஓடாமலே போகும்.

ஜேகுவரி இந்த விபத்தை அழகாகத் தவிர்க்கிறது. டாலர் குறியைப் பெயராகக் கொண்ட அதன் செயற்கூறிடம் ஒரு செலக்டரை (எந்த உறுப்பைத் தேட வேண்டும் என்ற குறிப்பை) கொடுத்தால், பொருந்தும் உறுப்பு எதுவும் இல்லாதபோதும் அது வெறுமையான ஒரு தொகுப்பைத் திருப்பித் தருகிறது. அதன்மீது நிறத்தை மாற்றச் சொன்னாலும் மறைக்கச் சொன்னாலும் எந்தப் பிழையும் எழாது. பல வேலைகளுக்கு வசதியான இந்த மௌனமே நம் கேள்விக்கு இடையூறாகிறது. வெறும் தொகுப்பும் ஓர் ஆப்ஜெக்ட்தான் என்பதால், அதை அப்படியே இஃப் நிபந்தனைக்குள் வைத்தால் புலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ‘ஆம்’ என்றே விடை வரும். தொகுப்பில் எத்தனை உறுப்புகள் உள்ளன என்று சொல்லும் லெங்த் பண்பு பூஜ்யத்தைவிடப் பெரியதா என்று பார்ப்பதே சரியான வழி. முன்பு இதற்குப் பயன்பட்ட சைஸ் மெத்தட் 1.8 பதிப்பில் கைவிடத்தக்கதாக அறிவிக்கப்பட்டு 3.0-இல் நீக்கப்பட்டுவிட்டது. புலத்தின் மதிப்பைத் தரும் வால் மெத்தடைக் கொண்டு சோதிப்பவர்களும் உண்டு. புலம் இல்லையென்றால் அன்டிஃபைண்டும் (வரையறுக்கப்படாத மதிப்பு), புலம் காலியாக இருந்தால் வெற்றுச் சரமும் வருவதால், இஃப் இரண்டையும் ‘இல்லை’ என்று ஒன்றாகவே பாவிக்கும். எல்லாவற்றிலும் மோசமானது, புலத்தின் அடையாளப் பெயரான ஐடியில் ஓர் எழுத்து பிழையானாலும் நூலகம் வாய் திறக்காது என்பது.

ஐடியைக் கொண்டு உறுப்பைத் தேடும் உலாவியின் கெட்எலிமென்ட்பைஐடி இந்த வகையில் நேர்மையானது. உறுப்பு இருந்தால் அதையே தரும், இல்லையென்றால் ‘எதுவுமில்லை’ என்று பொருள்படும் நல் மதிப்பைத் தரும். இஃப்புக்குள் அப்படியே வைக்கலாம். ஆனால் படிவங்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது, ஒவ்வொரு படிவமும் தன்னுடன் வைத்திருக்கும் எலிமென்ட்ஸ் என்ற தொகுப்பை. ஐடி இல்லாத புலத்தையும் அதனிடம் நேம் பெயரால் கேட்கலாம். படிவத்துக்கு வெளியே எழுதப்பட்டு, ஃபார்ம் பண்பின் மூலம் அதனுடன் இணைக்கப்பட்ட புலமும் அதில் அடங்கும். குறைகளும் இல்லாமல் இல்லை. ஒரே பெயரில் பல ரேடியோ பொத்தான்கள் இருந்தால் உறுப்புக்குப் பதிலாக ஒரு பட்டியல் வரும். ஆகவே ‘இருக்கிறது’ என்று தெரிந்த பிறகும், வந்தது எது என்று கவனிக்க வேண்டும். இமேஜ் வகைப் பொத்தான்கள் பழைய வழக்கத்தை ஒட்டி இதில் சேர்க்கப்படுவதே இல்லை.

எலிமென்ட்ஸை விட்டுவிட்டுப் படிவத்திடமே நேராகப் பெயரைக் கேட்கும் சுருக்குவழியைத் தவிர்ப்பது நல்லது. ஆக்‌ஷன் என்ற பெயரில் புலம் இல்லாவிட்டாலும், தரவு அனுப்பப்படும் இடமான படிவத்தின் சொந்த ஆக்‌ஷன் முகவரி விடையாக வந்து நிற்கும். புலத்தின் பெயரை இடையில் மாற்றினாலோ, படிவம் பழைய பெயரையும் நினைவில் வைத்திருந்து அதே புலத்தை நீட்டும். (இப்படி நடக்க வேண்டும் என்று எச்டிஎம்எல் தரவரையறையே எழுதி வைத்திருக்கிறது!)

ஜாவாஸ்கிரிப்டின் 2020-ஆம் ஆண்டுத் தரத்தில் வந்த, வினாக்குறியும் புள்ளியும் சேர்ந்த குறியீடு, உறுப்பு இல்லாதபோது பிழை எழுப்பாமல் அன்டிஃபைண்டைத் தருவதால், மதிப்பைப் படிக்க மட்டும் போதுமானால் கையடக்கமானது. மதிப்பை எழுதுவதற்கு அதைச் சமக்குறியின் இடப்பக்கம் வைக்க முடியாது. அளவின்றித் தெளித்தால், ஜேகுவரியின் அதே மௌனம் வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிடும்.

இந்த ஒரு வேலைக்கு ஜேகுவரிக்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண், எலிமென்ட்ஸுக்கு நான்கு. ஏற்கெனவே ஜேகுவரி உள்ள தளத்தில் லெங்த் சோதனையே போதும், பிடுங்கி எறிய வேண்டியதில்லை. இதற்காக மட்டும் புதிதாகச் சேர்ப்பது வீண்சுமை.

படிவம் அனுப்பும் தரவைத் திரட்டித் தரும் ஃபார்ம்டேட்டாவின் ஹேஸ் மெத்தடுக்கு நான் மதிப்பெண் இடவில்லை, ஏனெனில் அது விடை சொல்வது வேறு கேள்விக்கு. டிக் செய்யப்படாத செக்பாக்ஸும் முடக்கப்பட்ட புலமும் கண்முன்னே பக்கத்தில் இருந்தாலும், அனுப்பப்படும் தரவில் அவை சேராததால் அது ‘இல்லை’ என்றே கூறும்.