பழைய ஆறு குதிரைத்திறன் அவுட்போர்டு: சிறிய பாய்மரப் படகில் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

கனடாவின் ஒன்டாரியோ ஏரியில், டொரன்டோ நகரின் ஸ்கார்பரோ பகுதியிலுள்ள செங்குத்துக் கரைகளுக்குக் கீழே உள்ள படகுத்துறையில் நிற்கும் 22 அடிப் பாய்மரப் படகு ஒன்றின் பின்பலகையில் இந்த எஞ்சின் பல ஆண்டுகளாக வேலை செய்து வருகிறது. 1980களின் தொடக்கத்தில் தயாரான, இரண்டு சிலிண்டர் கொண்ட டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு, அதாவது படகுக்கு வெளியே மாட்டும் எஞ்சின், இது. படகை வாங்கியபோது அதனுடன் சேர்ந்தே வந்தது. தயாரித்தவர் பெயரைச் சொல்லப்போவதில்லை, ஏனெனில் கீழே எழுதியிருக்கும் பழுதுகள் நாற்பது வயதைக் கடந்த எந்தச் சிறு அவுட்போர்டிலும் வரக்கூடியவை. பிஸ்டன், கிராங்க் ஷாஃப்ட், பற்சக்கரங்கள் ஆகியவை இன்றும் நல்ல நிலையிலேயே இருக்கின்றன. இத்தனை காலமும் நான் பழுதுபார்த்தவை பெரும்பாலும் பெட்ரோல் தொடும் பாகங்களும் தண்ணீர் தொடும் பாகங்களும்தான்.

பாய்மரப் படகின் எஞ்சின் நின்று நின்றே கெடுகிறது. துறையைவிட்டு வெளியேறக் கால் மணி நேரம், திரும்பி வர இன்னொரு கால் மணி நேரம், காற்று அறவே விழுந்துவிட்ட மாலைகளில் மட்டும் சற்றுக் கூடுதல் என்பதுதான் அதன் உழைப்பு. பாம்பன், மண்டபம் பகுதிகளில் நாள்தோறும் கடலுக்குப் போகும் ஃபைபர் படகின் எஞ்சினுக்கு வரும் நோய்களும் இதற்கு வரும் நோய்களும் வேறு வேறானவை. அங்கே உப்பும் ஓயாத ஓட்டமும் எஞ்சினைத் தின்கின்றன. இங்கே நன்னீர் ஏரியில், மே முதல் அக்டோபர் வரையிலான குறுகிய பருவத்தில், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்குள் தேங்கிக் கிடக்கும் பெட்ரோல் அந்த வேலையைச் செய்கிறது.

ஆறு குதிரைத்திறன் போதுமா என்று பலர் கேட்கிறார்கள். என் படகு நீர்மட்டத்தில் ஏறத்தாழ 19 அடி நீளம் உடையது. நீரை இடம்பெயர்த்துச் செல்லும் படகின் உச்ச வேகம், அடியில் அளந்த அந்த நீளத்தின் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் கிடைக்கும் என்பது படகோட்டிகள் அறிந்த கணக்கு. அதன்படி மணிக்கு 5.8 கடல்மைல் வருகிறது. அமைதியான நீரில் இந்த எஞ்சின் அதை நெருங்கிவிடுவதால், பத்துக் குதிரைத்திறன் எஞ்சினை மாட்டியிருந்தாலும் பின்பலகையில் எடைதான் ஏறியிருக்கும். உண்மையில் கவனிக்க வேண்டியது ஷாஃப்டின் நீளம். அவுட்போர்டுகள் பொதுவாக 15, 20, 25 அங்குல ஷாஃப்டுகளுடன் வருகின்றன. என்னுடையது 20 அங்குலம். எதிர்க்காற்றில் அலை எழும்போது படகின் பின்புறம் தூக்கி, புரொப்பெல்லர் காற்றைக் குடித்து, எஞ்சின் திடீரென அலறும். 25 அங்குலம் இருந்திருந்தால் அந்தத் தொல்லை பெரிதும் குறைந்திருக்கும். எஞ்சினைத் தாங்கும் அடைப்பலகையைக் கீழே இறக்கிப் பொருத்தியதில் ஓரளவு நிவாரணம் கிடைத்தது, அவ்வளவுதான்.

இனிக் கார்புரேட்டர். ஒன்டாரியோ மாகாணத்தில் விற்கும் பெட்ரோலில் எத்தனால் சராசரியாக 5 விழுக்காடாவது இருக்க வேண்டும் என்ற விதி 2007இல் வந்தது. 2020இல் அது 10 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் நீரும் எத்தனாலும் சேர்ந்து டாங்கின் அடியில் தனியாகப் பிரிந்து தங்கும். எத்தனால் வருவதற்கு முந்தைய காலத்து ரப்பர் குழாய்களையும் அது உள்ளிருந்தே மென்மையாக்கி உரிக்கிறது. உரிந்த துகளும், காய்ந்த பெட்ரோல் விட்டுச் செல்லும் பிசினும் கார்புரேட்டரின் நுண்துளைகளில் போய் அடைகின்றன. முதலில் அடைபடுவது குறைந்த வேகத்துக்கான ஜெட் (பெட்ரோலை அளவாக விடும் துளையுள்ள சிறு திருகு), ஏனெனில் இருப்பதிலேயே சிறிய துளை அதுதான். முழு விசையில் நன்றாக ஓடும் எஞ்சின், துறைக்குள் நுழைய வேகத்தைக் குறைத்ததும் அணைந்துபோனால், வேறெதையும் சந்தேகிப்பதற்கு முன் அந்த ஜெட்டைப் பார்க்க வேண்டும். பக்கத்தில் நிற்கும் விலையுயர்ந்த படகுகளுக்கு நடுவே எஞ்சின் அணைவது எவ்வளவு பதற்றம் தரும் என்பதை விளக்கத் தேவையில்லை.

கார்புரேட்டரைக் கழற்றுவது எளிது. சுத்தம் செய்வதில்தான் பொறுமை வேண்டும். வெளியே கிளீனர் தெளித்துத் துடைப்பதால் ஒரு பயனும் இல்லை. மிதவைக் கிண்ணத்தைப் பிரித்து, மிதவையையும் ஊசி வால்வையும் எடுத்துவிட்டு, ஜெட்டுகளைத் திருகி வெளியே எடுத்து, எல்லாத் துளைகளிலும் கிளீனரும் அழுத்தக் காற்றும் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வருகின்றனவா என்று கண்ணால் பார்க்க வேண்டும். ஜெட்டுகள் பித்தளையாலானவை என்பதால் எஃகுக் கம்பியை நுழைத்தால் துளை அகன்றுவிடும். மின்வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செப்பு இழை போதும். பழைய கேஸ்கெட்டை மறுபடி போடாமல், கேஸ்கெட்டும் ஊசி வால்வும் அடங்கிய பழுதுபார்ப்புத் தொகுப்பை வாங்கிவிடுவது நல்லது. இந்த வயதுடைய எஞ்சின்களுக்கும் அது இன்னும் கிடைக்கிறது.

எல்லா நோய்க்கும் கார்புரேட்டரைக் குற்றம் சொல்லவும் கூடாது. சில நிமிடம் ஓடிவிட்டு எஞ்சின் தளரும்போது, குழாயிலுள்ள பிரைமர் பல்பை (கையால் பெட்ரோலைத் தள்ளும் ரப்பர் குமிழை) அழுத்தினால் அது மீண்டும் உயிர்பெறுகிறதா என்று பாருங்கள். அப்படியானால் குறை கார்புரேட்டருக்கு முன்னால் இருக்கிறது: பெட்ரோல் பம்பின் டயஃப்ரம் என்ற சவ்வு விறைத்திருக்கலாம், குழாய் இணைப்பில் காற்று புகலாம், இணைப்பின் ஓ-ரிங் தேய்ந்திருக்கலாம், அல்லது டாங்கின் மூடியிலுள்ள காற்றுத் திருகைத் திறக்காமலே கிளம்பியிருக்கலாம். கடைசியாகச் சொன்னது, படகுத்துறையில் நான் பார்த்த ‘பழுதுகளில்’ பாதிக்குக் காரணம்.

குளிரூட்டும் பகுதிக்குத்தான் நான் மிக அதிக நேரம் செலவிட்டிருக்கிறேன். ஏரி நீரை மேலே ஏற்றுவது கீழ்ப்பகுதியில் உள்ள ரப்பர் இம்பெல்லர் என்ற இதழ்ச்சுழலி. எஞ்சின் மாதக்கணக்கில் நிற்கும்போது அதன் இதழ்கள் ஒரே பக்கம் மடிந்தபடி இறுகிவிடுகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும், ஆனால் தண்ணீர் போதிய அளவு ஏறாது. அதை மாற்றக் கீழ்ப்பகுதி முழுவதையும் கழற்ற வேண்டும், அங்கேதான் பழைய எஞ்சின் தன் வயதைக் காட்டுகிறது. அலுமினிய உடலில் பல ஆண்டுகளாக இறுகிக் கிடக்கும் எஃகு போல்டைப் பலம் கொண்ட மட்டும் திருகினால் தலை முறிந்துவிடும். துரு இளக்கும் எண்ணெயை முதல் நாளே விட்டு, மறுநாள் சூடேற்றி, முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசைத்து எடுப்பதே வழி. திரும்பப் பூட்டும்போது ஒவ்வொரு போல்டின் மரையிலும் இறுகாமல் தடுக்கும் பசையைத் தடவினால், அடுத்த முறை கழற்றுவது பத்து நிமிட வேலையாகிவிடும்.

பூட்டும்போது மூன்று இடங்களில் நிதானம் தேவை. பம்ப் கூட்டைக் கீழே இறக்குகையில் ஷாஃப்டை எஞ்சின் சுழலும் திசையிலேயே, அதாவது மேலிருந்து பார்க்கக் கடிகாரச் சுற்றில், திருப்பிக்கொண்டே இறக்கினால் இதழ்கள் சரியான பக்கம் மடியும். தண்ணீர்க் குழாய் தன் ரப்பர் வளையத்துக்குள் நேராக அமர வேண்டும். அது நழுவினால் புது இம்பெல்லர் போட்டும் எஞ்சின் சூடேறும். கியர் கம்பியின் இணைப்பை மறந்துவிட்டு வலுவாக அமுக்கினால் அது வளைந்துவிடும். வேலை முடிந்தபின் எஞ்சினைப் பெரிய தண்ணீர்த் தொட்டியில் வைத்துத்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும், ஏனெனில் வறண்ட பம்பில் ரப்பர் கருகச் சில நொடிகள் போதும். புது இம்பெல்லருக்குப் பிறகும் சூடு குறையாவிட்டால், சிலிண்டர் தலையிலுள்ள தெர்மோஸ்டாட்டை (சூடேறியதும் தண்ணீருக்கு வழிவிடும் வால்வை) கழற்றி வெந்நீரில் போட்டுப் பார்க்கலாம். ஏறத்தாழ 60 பாகை செல்சியஸில் திறக்க வேண்டிய அது, சுண்ணாம்புப் படிவு பிடித்து அசையாமல் கிடப்பதுண்டு. இந்த ஏரியில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது: 1980களின் பிற்பகுதியில் வட அமெரிக்காவின் பேரேரிகளில் பரவத் தொடங்கிய வரிக்குதிரைச் சிப்பிகள். எஞ்சினை நீருக்குள்ளேயே விட்டுவைத்தால் நீர் உறிஞ்சும் துளைகளில் அவை குடியேறும். அதனால் துறைக்கு வந்ததும் எஞ்சினைத் தூக்கிவைத்துவிட வேண்டும்.

கியர் ஆயிலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, ஆனால் சொல்லாமல் விடவும் முடியாது. இலையுதிர் காலத்தில் அடித்திருகைத் திறக்கும்போது ஆயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் வந்தால், சீல் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். அப்படியே குளிர்காலத்துக்கு விட்டால், உறையும் நீர் ஏறத்தாழ 9 விழுக்காடு விரிந்து கியர் கூட்டையே பிளந்துவிடும். அந்தக் கூட்டின் விலைக்கு இன்னொரு பழைய எஞ்சினையே வாங்கலாம். புது ஆயிலை அடித்துளை வழியாக, மேல்துளையில் வழியும்வரை ஏற்ற வேண்டும், திருகுகளின் வாஷர்களையும் ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும். என் எஞ்சினில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் சீலை ஒருமுறை மாற்றியதோடு நீர்க்கசிவு நின்றுவிட்டது.

மின்பொறிப் பகுதி இதுவரை என்னை அதிகம் படுத்தவில்லை. வெடித்துப்போன இக்னிஷன் காயில் ஒன்றை மாற்றினேன். தீப்பொறி அறவே வராவிட்டால் முதலில் நிறுத்தும் பொத்தானின் வயரைக் கழற்றிவிட்டுச் சோதிப்பது நல்லது. பொத்தான் பழுதாகிச் சதா ‘நிறுத்து’ என்று சொல்லிக்கொண்டிருப்பதும் உண்டு. பழைய எஞ்சினை வாங்க நினைப்பவர்கள் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் இரண்டு சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளந்து பார்க்க வேண்டும். இரண்டுக்கும் இடையே பத்து விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால், கார்புரேட்டரில் செலவழிக்கும் பணம் வீண்.

குறைகளை மறைக்கப்போவதில்லை. ஐம்பது பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில், அதாவது லிட்டருக்கு 20 மில்லி, கலந்து ஓட்டும் இந்த வகை எஞ்சினில் பெட்ரோலின் கால் பங்கு வரை எரியாமலே நீரிலும் காற்றிலும் கலக்கக்கூடும். அமெரிக்காவின் தாஹோ ஏரியில் 1999இலேயே கார்புரேட்டர் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்குத் தடை விதித்துவிட்டார்கள். இங்கே அப்படியொரு தடை இல்லை என்பதால் என் மனம் முழுக்க நிம்மதியாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். புகையும் சத்தமும் அதிகம், பாட்டரிக்கு மின்னேற்றம் கிடையாது. மறுபுறம், புதிய ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினைக் காரில் கொண்டுசெல்ல எந்தப் பக்கம் சாய்க்கலாம், ஆயில் எங்கே ஒழுகும் என்றெல்லாம் பார்க்க வேண்டும். இதை எந்தப் பக்கமும் கிடத்தலாம். திறந்தால் உள்ளே இருப்பது முழுவதும் கண்ணுக்குத் தெரிகிறது, பெரும்பாலான வேலைக்குச் சாதாரண ஸ்பேனர்களே போதும்.

பருவம் முழுவதும் படகில் இரண்டு ஸ்பார்க் பிளக், ஒரு இம்பெல்லர், புரொப்பெல்லர் பின்கள், இழுகயிறு, பிளக் ஸ்பேனர் ஆகியவற்றை வைத்திருக்கிறேன். அக்டோபரில் பாதுகாப்பு எண்ணெயைக் கார்புரேட்டர் வழியாகத் தெளித்து, பெட்ரோல் தீரும்வரை ஓட்டி, எஞ்சினை நிமிர்ந்த நிலையிலேயே நிறுத்திவைக்கிறேன்; சாய்த்துவைத்தால் உள்ளே தங்கும் நீர் உறையும். ஃப்ளைவீலுக்குக் கீழே இருக்கும் மின்பொறித் தொகுதி போய்விட்டால் அதற்கு மாற்றுப் பாகம் தேடப்போவதில்லை. அந்தப் பணத்தை 25 அங்குல ஷாஃப்டும் மின்னேற்றியும் கொண்ட புதிய ஃபோர் ஸ்ட்ரோக் ஒன்றுக்கான முன்பணமாக வைத்துக்கொள்வேன்.