சிப்மங்க், யாக்-52, சி.ஜே-6: இரத்மலானையில் வைத்துப் பறக்க எது?

பழைய இராணுவப் பயிற்சி விமானமொன்றை வாங்கி இரத்மலானை விமான நிலையத்தில் நிறுத்த நினைப்பவருக்குக் கைக்கெட்டும் தெரிவு சிப்மங்க், யாக்-52, சி.ஜே-6 ஆகிய இந்த மூன்றுதான். இன்னொரு பயிற்சி விமானமான ஹார்வர்டின் 600 குதிரைவலு எஞ்சின் மணிக்கு 100 லீற்றருக்கு மேல் குடிக்கும். ஜெட் பயிற்சி விமானமான ஜெட் புரவோஸ்ட் அருங்காட்சியகத்தில் நிற்பதே அழகு.

யாழ்ப்பாணத்துப் பலாலிக்குப் போய்வர வேண்டுமா என்று முதலில் தீர்மானியுங்கள். நேர்கோட்டில் சுமார் 330 கி.மீ. சிப்மங்கின் தாங்கிகள் கொள்வது ஏறத்தாழ 82 லீற்றர். மணிக்கு 35 லீற்றர், 165 கி.மீ. வேகம். போய் இறங்கும்போது மிஞ்சுவது பன்னிரண்டு லீற்றர், எதிர்க்காற்று வீசினால் அதுவும் இல்லை. யாக்-52 இன் 122 லீற்றரும் கையிருப்பு எரிபொருளை ஒதுக்கிப் பார்த்தால் மட்டுமட்டு. 285 குதிரைவலு சி.ஜே-6 தான் நிம்மதியாகப் போகும்: சில்லுகள் முழுவதும் உள்ளே மடிவதால் 360 குதிரைவலு யாக்கை விடக் குறைவாகக் குடித்தும் வேகத்தில் பின்தங்காது.

ஆனால் யாக்கும் சி.ஜே-யும் அழுத்தக் காற்றை நம்பி இயங்குபவை. எஞ்சினைக் கிளப்புவது, சில்லு, ஃபிளாப் (இறங்கும்போது இறக்கையில் தாழ்த்தும் மடல்), பிரேக் எல்லாமே 50 கி.கி./ச.செ.மீ. அழுத்தக் காற்றில்தான். கொழும்பின் ஈரப்பதத்தில் கொம்பிரசர் உறிஞ்சும் நீர் குழாய்க்குள் துருவாகி வால்வை அடைக்கும். ஆகவே ஒவ்வொரு பறப்புக்குப் பின்னும் நீர்ப்பொறியை (காற்றிலுள்ள நீர் சேரும் கலத்தை) திறந்து வடியுங்கள். கசிவால் காற்றுப் போத்தல் வெறுமையானால் எஞ்சின் கிளம்பாது, ஓடுபாதையில் பிரேக்கும் இராது. சுழியோடிகளின் சிலிண்டரால் நிரப்பலாம். ஆனால் அதில் 200 பார் அழுத்தம் இருக்கும், அழுத்தக் குறைப்பான் இல்லாமல் இணைத்தால் குழாய் வெடிக்கும்.

யாக், சி.ஜே இரண்டுக்கும் சிலிண்டர்கள் வட்டமாக அமைந்த வட்ட எஞ்சின்; அது ஓய்வில் நிற்கும்போது கீழ் சிலிண்டர்களில் எண்ணெய் இறங்கித் தேங்கும். மக்னீற்றோவை (பிளக்குக்கு மின்பொறி தருவது) அணைத்துவிட்டு, புரொப்பெல்லரை அது சுழலும் திசையிலேயே ஆறு முதல் எட்டு இதழ்கள் கடக்கும்வரை கையால் இழுங்கள். இறுகினால் தள்ளாதீர்கள், கீழ்ப் பிளக்கைக் கழற்றி வடிய விடுங்கள். பின்னோக்கித் திருப்பினால் எண்ணெய் உள்ளெடுப்புக் குழாய்க்குள் போய் ஒளியும்; கிளப்பியதும் திரும்ப வந்து இணைப்புத் தண்டை வளைக்கும். சிலிண்டர்கள் கீழ்நோக்கித் தொங்கும் சிப்மங்கின் தலைகீழ் எஞ்சினிலும் இந்த ஆபத்து உண்டு.

சிப்மங்கில் அழுத்தக் காற்றுத் தொல்லை கிடையாது. 1951 இல் தொடங்கிய இலங்கை விமானப்படை தன் முதல் விமானிகளைப் பழக்கியதும் அதில்தான். வாங்கும்போது நடு இறக்கைக் கட்டுச்சட்டத்தின் களைப்பு ஆயுள் (உலோகம் சோர்ந்து வெடிக்குமுன் பறக்கக்கூடிய காலம்) பதிவைக் கேளுங்கள். பதிவில்லையென்றால் புதிதாக மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். பிரேக் நெம்புகோலை ஒரு பல்லேனும் இழுத்தபடி இறங்கினால் வால்சில்லு விமானமான சிப்மங்க் சட்டெனத் திரும்பிவிடும், மேற்குக் காற்று இரத்மலானையின் 22ஆம் ஓடுபாதையைக் குறுக்கறுக்கும் நாட்களில் சொல்லவே வேண்டாம்.

சாகசப் பறப்பே குறியென்றால் யாக். தலைகீழாகவும் சிறிது நேரம் ஓடும். சில்லு இறக்க மறந்தாலும், வெளியே துருத்தி நிற்கும் சக்கரங்கள் வயிற்றைக் காக்கும், புரொப்பெல்லரும் ஃபிளாப்பும்தான் போகும். மற்றபடி என் தெரிவு சி.ஜே-6: அதன் ஏற்றுமதி வடிவமான பி.ரி-6 இல் திருகோணமலைச் சீனன்குடாவில் விமானப்படைப் பயிற்சி நடப்பதால், அந்த எஞ்சினைத் தொட்ட கைகள் நாட்டிலேயே உண்டு.

முன்பணம் கட்டுமுன், எந்த வகைச் சான்றிதழில் 4ஆர் எனத் தொடங்கும் இலங்கைப் பதிவு கிடைக்கும் என்பதைச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையிடம் எழுத்தில் வாங்குங்கள். வெளிநாடுகளில் யாக்கும் சி.ஜே-யும் பெரும்பாலும் பறப்பது விசேட அனுமதியில்தான். அதை இன்னொரு நாடு ஏற்க வேண்டிய கட்டாயமில்லை.