முஜோகோ, பைபுல்லட், ஐசக்: உரிமம் இலவசம், மற்றது?

ரோபோவுக்கு நடக்கவோ பிடிக்கவோ கற்றுக்கொடுக்கும் வலுவூட்டல் கற்றலில் (முயன்று, பரிசு பெற்று, தானே கற்கும் முறை) இறங்குபவர் முதலில் கேட்பது, "எந்த சிமுலேட்டர்?" ரோபோவின் இயற்பியலைக் கணினிக்குள் ஓட்டிக் காட்டும் மென்பொருள்தான் சிமுலேட்டர்; முஜோகோ, பைபுல்லட், என்விடியாவின் ஐசக் லேப் எல்லாம் அந்த வேலைக்கு வந்தவை. 2021 வரை அந்தக் கேள்விக்கான பதில் பணத்தில்தான் தொடங்கியது. முஜோகோவுக்கு 30 நாள் சோதனை உரிமம் கிடைக்கும். பிறகு கணினியோடு பிணைத்த சாவிக் கோப்பு ஒன்றை வாங்க வேண்டும். ஆய்வுக் கட்டுரைகளோ ஹாஃப்சீட்டா, ஹாப்பர், ஆன்ட் என்று முஜோகோ மாதிரிகளிலேயே மதிப்பெண் காட்டின. உரிமம் இல்லாதவர் தன் அல்காரிதத்தை அவற்றோடு ஒப்பிடவே வழியில்லை. 2017-ல் ஓபன்ஏஐ, புல்லட் என்ற இலவச இயற்பியல் எஞ்சினின் மேல் ரோபோஸ்கூல் என்ற மாற்றுத் தொகுப்பைக் கட்டியது இந்தக் குறையைத் தீர்க்கத்தான். பின்னர் அதைக் கைவிட்டு, எல்லோரையும் அதே எஞ்சினின் பைத்தான் வடிவமான பைபுல்லட்டுக்குப் போகச் சொன்னது. 2021 அக்டோபரில் டீப்மைண்ட் முஜோகோவை வாங்கி இலவசமாக்கியது. 2022 மே மாதம் மூலநிரலும் அப்பாச்சி 2.0 என்ற திறந்த உரிமத்தில் வெளியானது.

பைபுல்லட் ஸீலிப் உரிமம், ஐசக் லேப் பிஎஸ்டி உரிமம்; இரண்டும் திறந்தவையே. ஆக மூன்றுக்கும் இன்று உரிமக் கட்டணம் கிடையாது. செலவு இப்போது கிராபிக்ஸ் கார்டில் உட்கார்ந்திருக்கிறது.

ஐசக் லேப் ஓடுவது ஐசக் சிம் என்ற என்விடியா சிமுலேட்டர் மேல். அதன் 5-ஆம் பதிப்பு கேட்கும் குறைந்தபட்சம்: 16 ஜிபி நினைவகம் உள்ள ஆர்டிஎக்ஸ் 4080 கார்டு, 32 ஜிபி ரேம், 50 ஜிபி எஸ்எஸ்டி இடம். கல்லூரி ஆய்வகத்தில் ஏ100 என்ற என்விடியா கார்டு இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். ஏ100, எச்100 கார்டுகளில் ஒளிக்கதிர் கணிக்கும் ஆர்டி கோர் இல்லை. ஐசக் சிம் அவற்றை ஆதரிப்பதில்லை. கார்டு பொருந்திவிட்டால் பலன் பெரிது: நாலுகால் ரோபோ நடைப்பயிற்சியில் 4096 சூழல்களை (ரோபோவின் தனித்தனிப் பிரதிகளை) ஒரே கார்டில் ஒன்றாக ஓட்டுவது அங்கே வழக்கம்.

முஜோகோவுக்கு சாதாரண மடிக்கணினியின் சிபியூ போதும். 'பிப் இன்ஸ்டால் முஜோகோ' என்ற ஒரு வரியில் வேலை முடியும். சிக்குபவர்கள் பெரும்பாலும் பழைய பாடங்களைப் பின்பற்றியவர்கள். சாவிக் கோப்பு, முஜோகோ-பை என்ற பழைய பைத்தான் இணைப்பு, லினக்ஸில் க்ளூ (GLEW) என்ற வரைகலை நூலகத்தின் பிழை என்று எது கண்ணில் பட்டாலும் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்; அது முந்தைய காலத்துப் பாடம். பயிற்சிச் சூழல்களைத் தரும் ஜிம்னேசியம் நூலகத்தின் பழைய பதிப்போடு முஜோகோ 3-ஐச் சேர்த்தால் 'சால்வர்_இட்டர் இல்லை' என்ற பிழை வரும். ஜிம்னேசியம் 1.0-க்கு ஏறி, வி5 சூழல்களை எடுத்தால் தீரும். திரையில்லாத சர்வரில் படம் வரையவேண்டுமானால் 'முஜோகோ_ஜிஎல்' மாறிக்கு 'ஈஜிஎல்' என்று மதிப்புக் கொடுங்கள்.

பைபுல்லட்டும் பிப் வழியே வரும். ஆனால் புதிய பைத்தான் பதிப்பில் தயார்க் கோப்பு கிடைக்காவிட்டால் மூலநிரலிலிருந்து கம்பைல் செய்யத் தொடங்கும். விண்டோஸில் சி++ கருவிகள் இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடும். கோண்டா-ஃபோர்ஜ் என்ற மென்பொருள் களஞ்சியம் வழியே நிறுவுவது நல்லது.

இனி இயற்பியல். ரோபோவின் உறுப்புகளையும் மூட்டுகளையும் விவரிக்கும் ஒரே யூஆர்டிஎஃப் கோப்பை முஜோகோ, பைபுல்லட் இரண்டிலும் ஏற்றிப் பாருங்கள், இரண்டு வேறு ரோபோக்கள் கிடைக்கும். பைபுல்லட்டில் ஈர்ப்புவிசையை நீங்களே கொடுக்க வேண்டும். மூட்டு ஒவ்வொன்றிலும் ஒரு வேக மோட்டார் முன்கூட்டியே இயங்கிக்கொண்டிருக்கும்; அதன் விசையைப் பூஜ்யமாக்காமல் முறுக்குவிசை கொடுத்தால் மூட்டு பிரேக் பிடித்ததுபோல் இறுகிக் கிடக்கும். கோப்பில் எழுதிய நிலைமத் திருப்புத்திறனையும் (சுழலவிடாமல் எதிர்க்கும் அளவு) அது தானாக எடுக்காது. மோதல் வடிவத்திலிருந்து கணக்கிட்டுக்கொள்ளும். கோப்பில் உள்ளதே வேண்டுமென்றால் அதற்கான விருப்பத்தை (ஃப்ளாக்) கோப்பை ஏற்றும்போதே சொல்ல வேண்டும்.

முஜோகோவின் சிக்கல்கள் வேறு. ரோபோவின் அடிப்பாகம் உலகோடு ஒட்டியே வரும். நடக்கும் ரோபோவானால் எத்திசையிலும் நகரவிடும் ஃப்ரீஜாயின்ட் ஒன்றை நீங்கள் சேர்க்க வேண்டும். மூட்டுகளை இயக்கும் ஆக்சுவேட்டர்களையும் நீங்களே எழுத வேண்டும். உறுப்பின் முப்பரிமாண வடிவம் உள்ள வலைக்கோப்பு டிஏஈ வகையானால் படிக்காது, எஸ்டிஎல் அல்லது ஓபிஜே ஆக மாற்றுங்கள். மோதலுக்கு ஒவ்வொரு வலையின் குவி உறையைத்தான் (குழிகளை நிரப்பி மூடிய வெளிவடிவம்) எடுக்கும். அதனால் கோப்பைக்குள் பந்து போட்டால் உள்ளே விழாது, வாயை மூடியதுபோல் மேலேயே நிற்கும். கோப்பையைப் பல துண்டுகளாகப் பிரித்துக் கொடுப்பதே வழி.

அதிகம் பேரை ஏமாற்றுவது உராய்வு. எதுவும் குறிப்பிடாவிட்டால் முஜோகோவில் உராய்வெண் 1, பைபுல்லட்டில் 0.5. முஜோகோ தொடும் இரு பொருள்களில் பெரிய மதிப்பை எடுக்கும். பைபுல்லட் இரண்டையும் பெருக்கும். ஆக அங்கே 1, இங்கே 0.25. ஒன்றில் நன்றாக நடந்த ரோபோ மற்றதில் வழுக்கி விழுவதற்குக் கற்றலைக் குறைசொல்லும் முன் இதைப் பாருங்கள். காலப்படியும் (ஒரு கணக்குச் சுற்றுக்கான நேரம்) வேறு: முஜோகோவில் 0.002 நொடி, பைபுல்லட்டில் 1/240 நொடி. நொடிக்கு 50 கட்டளை தர முஜோகோவில் ஒரு கட்டளைக்கு 10 படி. பைபுல்லட்டில் 5 படி வைத்தால் நொடிக்கு 48.

முஜோகோவின் தொடுகை மென்மையானது. கிரிப்பர் பிடித்த பொருள் மெல்ல மெல்ல நழுவும். உராய்வெண்ணை ஏற்றிக்கொண்டே போவது பயன்தராது. உராய்வு வரம்பைக் குறிக்கும் உராய்வுக் கூம்பை நீள்வட்ட வகைக்கு மாற்றி, உராய்வை விறைப்பாக்கும் 'இம்ப்ரேஷியோ'வை 10 ஆக்குங்கள். அப்படியும் நழுவினால் நழுவலைத் திருத்தும் 'நோஸ்லிப்' சுற்றுகள் சிலவற்றைச் சேருங்கள். கணக்கு சற்று மெதுவாகும், பிடி நிற்கும்.

ஆர்டிஎக்ஸ் இல்லாமல் இணைச் சூழல்கள் வேண்டுவோருக்கு 2023-ல் முஜோகோ 3-உடன் வந்த எம்ஜேஎக்ஸ் என்ற கிராபிக்ஸ் கார்டு வடிவம் இருக்கிறது. ஜாக்ஸ் என்ற கூகுளின் பைத்தான் நூலகத்தில் எழுதியது, கூகுளின் இணையச் சேவையான கோலாப் இலவசமாகத் தரும் டி4 கார்டிலும் ஓடும். முதல் ஓட்டத்தில் கம்பைல் ஆவதற்குப் பொறுமை வேண்டும், தொங்கிவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். நுணுக்கமான வலைகள் அதை நசுக்கிவிடும். மோதலுக்குக் கோளம், கேப்ஸ்யூல் போன்ற எளிய வடிவங்களையே வையுங்கள். ஒற்றைச் சூழலை சிபியூவில் ஓட்டுவதென்றால் பழைய சி முஜோகோவே வேகம்.

என் தேர்வு: தொடங்குபவருக்கு முஜோகோ. கையில் பைபுல்லட் நிரல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் அதிலேயே தொடரலாம். கேமரா படத்திலிருந்து கற்கும் வேலையும் தகுந்த கார்டும் இருப்பவர்க்கு ஐசக் லேப். ஐசக்கில் பயிற்றுவித்ததை நிஜ ரோபோவில் ஏற்றும் முன் முஜோகோவில் ஒருமுறை ஓட்டிவிடுங்கள். ஓட்டும்போது மூட்டு வரிசையைக் கவனிக்க வேண்டும்: ஐசக் நாலு கால்களின் இடுப்பு மூட்டுகளை முதலில் எண்ணிவிட்டு அடுத்த நிலைக்கு வரும், முஜோகோ ஒரு காலை நுனிவரை எண்ணி முடித்தே அடுத்த காலுக்குப் போகும். எண்ணை நம்பாமல் மூட்டின் பெயரால் இணையுங்கள். இல்லாவிட்டால் பின்னங்காலின் கட்டளை முன்முழங்காலுக்குப் போய், முதல் நொடியிலேயே ரோபோ குப்புற விழும்.