எட்டு மணி மாத்திரை, பத்து மணி பெட்டி

மஸ்கட்டிலிருந்து 40 நாள் லீவு. இந்தத் தடவை கல்யாண வீடுகளை விட நாகர்கோவிலில் ஒரு தோல் டாக்டர் வீட்டுப் படியைத்தான் அதிகம் மிதித்தேன். முழங்கையிலும் முதுகிலும் சொரியாசிஸ். வாரம் இரண்டு நாள் பூவா சிகிச்சை: தோலை ஒளிக்குக் கூச வைக்கும் சோராலன் மாத்திரை விழுங்கிவிட்டு, சுற்றிலும் புற ஊதா ட்யூப் லைட் மாட்டிய பீரோ மாதிரி ஒரு பெட்டிக்குள் நிற்க வேண்டும்.

கிலோவுக்கு 0.6 மில்லிகிராம் கணக்கு. நான் 67 கிலோ, அதனால் 10 மில்லிகிராம் மாத்திரை 4. எட்டு மணிக்குப் போட்டால் பத்து மணிக்கு லைட். மாத்திரை குடலில் இறங்கி, ரத்தத்தில் ஏறி, தோலுக்குள் வந்து நிற்கிற நேரத்தில் ஒளி பட்டால்தான் பலன்.

முதல் நாள் அம்மா விடவில்லை. வெறும் வயிற்றில் மாத்திரையா என்று புட்டும் பயறும் பப்படமும் வைத்து அனுப்பினாள். டாக்டரம்மா கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார். வயிறு முட்டத் தின்றால் மருந்து மெதுவாக ஏறும், உச்சமும் குறையும். ஒன்றும் தின்னாவிட்டால் குமட்டும். "ரெண்டு இட்லி. தினமும் அதே ரெண்டு இட்லி," என்றார். ஒரே அளவு மருந்தே ஆளுக்கு ஆள் ரத்தத்தில் வெவ்வேறு அளவில் ஏறுமாம், அதில் புட்டும் சேர்ந்தால் யார் கணக்குப் போடுவது?

என் பக்கத்தில் ஒரு பாட்டி, பேசினில் உள்ளங்கைகளை ஊற வைத்திருந்தார். மருந்து கலந்த தண்ணீர். "எனக்கு வயிறும் வேண்டாம், குமட்டலும் வேண்டாம் மக்களே," என்று சிரித்தார். கைக்கு மட்டும் என்பதால் ரத்தத்தில் அநேகமாக ஏறுவதே இல்லை.

மூன்றாம் நாள்தான் வயிற்றெரிச்சல். பத்து மணிக்கு என் டோக்கன், பத்தேகாலுக்குக் கரண்ட் போனது. வந்தபோது பன்னிரண்டரை. "இப்ப நில்லுங்க அண்ணா," என்றாள் கவுண்டர் பெண். டாக்டர் தடுத்துவிட்டார். ஈரல் இந்த மருந்தை வேகமாக உடைத்துவிடும், ஓரிரு மணி நேரத்தில் பாதி போய்விடும், இனி லைட் காட்டினால் கணக்கு தப்பும். 4 மாத்திரையும் குமட்டலும் வீண். மாத்திரை போட்ட நேரத்தை டோக்கனில் எழுதி, ஜெனரேட்டரை அந்தப் பெட்டிக்கும் இழுத்தால் என்ன?

லைட் இல்லாவிட்டாலும் கண்ணுக்கு 24 மணி நேரக் கறுப்புக் கண்ணாடி உண்டு. மிச்ச மருந்து தோலிலும் கண்ணிலும் இருக்குமே, வெயில் படக் கூடாது. வடசேரியில் தக்கலை பஸ் ஏறி, முழுக்கைச் சட்டையோடு ஷட்டரை இறக்கிவிட்டேன். புழுக்கத்தில் பக்கத்து ஆள் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"மெட்ராஸ் ஐ-யா தம்பி?"

பதில் சொல்வதற்குள் பின் சீட்டுக்குப் போய்விட்டார்.