பிரதர் எஸ்இ600: பள்ளி திறப்புப் பரிசுகளுக்குப் பத்து சென்டிமீட்டர் ஹூப் போதுமா?

தையலும் எம்பிராய்டரியும் ஒரே மெஷினில் வேண்டும் என்பவர்கள் அதிகம் விசாரிக்கும் மாடல்களில் பிரதர் எஸ்இ600 ஒன்று. 103 தையல் வகை, உள்ளேயே 80 டிசைன், 6 ஆங்கில எழுத்துரு, யூஎஸ்பி வழியாக வெளி டிசைன் ஏற்றும் வசதி எல்லாம் இருக்கின்றன. வாங்குவதா வேண்டாமா என்பதை இவை எதுவும் தீர்மானிக்காது. ஹூப்பில், அதாவது துணியை இறுக்கிப் பிடிக்கும் சட்டத்தில், எம்பிராய்டரி பரப்பு 10 × 10 செ.மீ. மட்டுமே என்பதுதான் தீர்மானிக்கும். பிள்ளைகளுக்குப் பெயர் போட்ட பள்ளிச் சாமான்கள் செய்து கொடுக்க இந்த மெஷின் எதுவரை உதவும் என்பதை மட்டும் இங்கே பார்ப்போம்.

முதலில் செய்யக் கூடாதது: கடையில் வாங்கிய ஸ்கூல் பேக்கின் மேல் பெயர் போடுவது. தடித்த பாலியஸ்டர், உள்ளே ஃபோம், மேலே பாக்கெட் என்று இருக்கும் பை ஹூப்பில் உட்காராது. அமுக்கி உட்கார வைத்தாலும் பையின் கனம் ஹூப்பைக் கீழே இழுக்கும். டிசைன் பாதியில் நகர்ந்து, ஓரக்கோடு ஒரு பக்கமும் உள்நிரப்பு ஒரு பக்கமுமாக நிற்கும். ரெக்சினில் நெருக்கமான சாட்டின் தையல் (இடைவெளி இல்லாமல் இடமும் வலமுமாக ஓடும் பட்டைத் தையல்) போட்டால் ஊசித் துளைகள் வரிசையாக விழுந்து, தபால்தலை ஓரம்போல அந்த இடத்திலேயே கிழியும். பைக்குப் பெயர் வேண்டுமென்றால் ட்வில் துணியில் பேட்ச் செய்து கையால் தைத்துவிடுங்கள்.

இந்த மெஷினுக்குப் பொருத்தமான பரிசு பென்சில் பவுச். 22 × 10 செ.மீ. பவுச்சுக்கு வெளித்துணி இரண்டு, லைனிங் இரண்டு, எல்லாம் 24 × 12 செ.மீ.; 25 செ.மீ. நைலான் ஜிப் ஒன்று. முன்பக்கத் துணியை மட்டும் அளவுக்கு வெட்டாமல் 30 × 20 செ.மீ. துண்டாக எடுத்து, பின்னால் ஒட்டும் கேன்வாஸை (சூட்டில் ஒட்டும் விறைப்புத் துணி) இஸ்திரி போட்டு, அதன் அடியில் டியர்-அவே ஸ்டெபிலைசர் (துணி நகராமல் தாங்கி, பிறகு கையால் கிழித்தெடுக்கும் தாள்) வைத்து, இரண்டையும் சேர்த்து ஹூப்பில் மாட்டி எம்பிராய்டரி போட வேண்டும். வெட்டுவது அதற்குப் பிறகுதான். டிசைனைச் சுற்றித் தையலுக்கும் ஜிப்புக்கும் குறைந்தது ஒன்றரை செ.மீ. இடம் விடுங்கள்.

ஜிப்பின் முகம் வெளித்துணியின் நல்ல பக்கத்தைப் பார்க்க, அதன் மேல் லைனிங்கை வைத்து ஜிப் ஃபுட்டால் (ஜிப் ஓரத்தில் தைக்க மாட்டும், துணியை அழுத்தும் பாதம்) ஒரு தையல்; மறுபக்கமும் அப்படியே. பிறகு ஜிப்பைப் பாதி திறந்துவிட்டு, வெளித்துணியோடு வெளித்துணி, லைனிங்கோடு லைனிங் சேர்த்துச் சுற்றிலும் தைத்து, லைனிங் அடியில் 8 செ.மீ. விட்டுத் திருப்ப வேண்டும். ஜிப்பைத் திறக்க மறந்தால் பவுச்சைத் திருப்ப வழியே இருக்காது, பிரிக்க வேண்டியதுதான்.

பெயர்ப் பட்டைகள் இன்னும் சுலபம். ஸ்டெபிலைசரை மட்டும் ஹூப்பில் இறுக்கி, 2.5 செ.மீ. காட்டன் டேப்பை மூன்று வரிசையாக ஒட்டினால் ஒரே ஓட்டத்தில் மூன்று பட்டை. யூனிஃபார்ம், டவல், சாப்பாட்டுப் பை எதிலும் தைத்துக்கொள்ளலாம். டவலிலேயே நேராகப் போடுவதானால் மேலே தண்ணீரில் கரையும் ஃபிலிம் வேண்டும், இல்லையென்றால் எழுத்து நூல்முடிகளுக்குள் புதைந்துவிடும்.

தமிழில் பெயர் போடுவதில்தான் வேலை இருக்கிறது. மெஷினில் தமிழ் எழுத்துரு இல்லை. இலவச மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் இங்க்/ஸ்டிச் நீட்சியைச் சேர்த்து, பிரதர் மெஷின் படிக்கும் பிஇஎஸ் கோப்பாக எடுத்து யூஎஸ்பியில் ஏற்றலாம். கணினி எழுத்துருவை அப்படியே நிரப்புத் தையலாக மாற்றினால் சின்ன அளவில் திட்டுத்திட்டாக வரும். எழுத்தின் மேல் நடுக்கோடு வரைந்து, அதை ஒன்றரை மி.மீ. அகலச் சாட்டினாக மாற்றுவதே நல்லது. உயரம் 12 மி.மீ.க்குக் குறைந்தால் ண, ஞ போன்றவற்றின் சுழிகள் அடைபடும். புள்ளியை 2 மி.மீ.க்குக் குறைத்தால் அது முடிச்சாகிவிடும், சில சமயம் நூலும் அறும். யாழினி தாராளமாக அடங்கும். கார்த்திகேயன் ஒரே வரியில் அடங்காது. இரண்டு வரியாக்குங்கள், அல்லது வீட்டில் கூப்பிடும் பெயரைப் போடுங்கள் (பையன் பத்தாம் வகுப்பு என்றால் அவனிடம் கேட்டுக்கொண்டு). எழுத்துக்கு எழுத்து தாவும் நூலை இந்த மெஷின் வெட்டுவதில்லை. வளைந்த முனைக் கத்தரியால் நாம்தான் வெட்ட வேண்டும், ஒரு நீளப் பெயரில் இதுவே எரிச்சலூட்டும்.

எம்பிராய்டரி வேகம் நிமிடத்துக்கு 400 தையல். 4,000 தையல் உள்ள டிசைனுக்கு ஊசி ஓடும் நேரமே பத்து நிமிடம், நூல் மாற்றுவது தனி. வகுப்பில் முப்பது பேருக்குச் செய்யும் எண்ணம் இருந்தால் வேறு மெஷின் பாருங்கள்.

அடியில் நூல் பந்தாகச் சுருண்டால் உடனே பாபினை (அடிநூல் சுற்றிய சின்ன உருளை) குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் கோளாறு மேல்நூலில் இருக்கும்: ஃபுட் இறங்கியிருக்கும்போது நூல் கோத்தால் அது நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்குள் போய் உட்காராது. ஃபுட்டைத் தூக்கி முதலிலிருந்து கோர்த்தால் சரியாகும். பாபின் 11.5 மி.மீ. உயர பிளாஸ்டிக் வகை. டெய்லர் கடை உலோக பாபினைப் போடக் கூடாது. ஊசி 75/11, மேல்நூல் 40 எண் பாலியஸ்டர், பாபினுக்கு மெல்லிய 60 எண் நூல். துணி சுருங்கினால், ஹூப்பில் மாட்டிய பிறகு துணியை இழுத்திருப்பீர்கள். டி-ஷர்ட் துணிக்கு டியர்-அவே போதாது, கத்தரியால் வெட்டி எடுக்கும், தையலுக்கு அடியில் நிரந்தரமாக நிற்கும் கட்-அவே வேண்டும்.

பருத்தி, ட்வில், மெல்லிய கேன்வாஸ் வரை சாதாரணத் தையலும் சுத்தமாகவே வருகிறது. பைவார் தைக்க மட்டும் இதை வருத்தாதீர்கள். கேன்வாஸ் நாலு மடிப்பு சேரும் இடத்துக்கு வீட்டிலுள்ள பழைய கால்மெஷினே மேல்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கிவருவதாகச் சொன்னால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே விற்பது 120 வோல்ட் மெஷின். நம் ஊர் 230 வோல்ட்டில் நேராகச் சொருகினால் போர்டு போய்விடும். தரமான ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் விலையையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகு, இங்கேயே சர்வீஸ் கிடைக்கும் மாடலின் விலையோடு ஒப்பிடுங்கள்.