செசாரோ விஷயத்தில் டபிள்யூ.டபிள்யூ.ஈ.க்கு என் மார்க் 5-க்கு 2

சுவிஸ் மல்யுத்த வீரர் செசாரோ அமெரிக்க மல்யுத்தக் கம்பெனியான டபிள்யூ.டபிள்யூ.ஈ.யில் ஆடிய மேட்ச்களை 2012-லிருந்து வரிசையாகத் திரும்பப் பார்த்து முடித்தேன். திறமையான ஆளைக் கம்பெனி அமுக்கி வைத்ததா என்று கேட்டால், ஆமாம், வைத்தது. பெரிய பெல்ட், அதாவது உலகப் பட்டம், கொடுக்காததைக்கூட விட்டுவிடலாம், எல்லோருக்கும் அதைக் கொடுக்க முடியாது. கூட்டம் தானாகவே அவர் பக்கம் சாய்ந்தபோதும் அதை வைத்து என்ன செய்வதென்று தெரியாமல் விட்டார்களே, அதுதான் என் புகார்.

2014-ல் கம்பெனியின் வருடாந்திரப் பெரிய ஷோவான ரெஸில்மேனியா 30-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ரே நினைவு பேட்டில் ராயல் (பலர் ஒன்றாக இறங்கி, கயிற்றைத் தாண்டி வெளியே விழுந்தவர் அவுட்), கடைசியில் மிச்சம் இரண்டே பேர், செசாரோ அத்தனை பெரிய பிக் ஷோவை அலேக்காகத் தூக்கிக் கயிற்றுக்கு வெளியே போட்டார். மறுநாள் வாராந்திர டி.வி. ஷோவான ராவில் மேனேஜர் பால் ஹேமனை அவருக்குத் துணையாகக் கொடுத்தார்கள். மைக்கில் சுமாரான ஆளுக்கு மைக்கில் கில்லாடி, கணக்கு சரிதான். அப்புறம் நடந்ததுதான் கூத்து. அதே ரெஸில்மேனியாவில் ஹேமனின் இன்னொரு ஆளான லெஸ்னர், அந்த ஷோவில் அண்டர்டேக்கரின் 21-0 வெற்றி வரிசையை உடைத்திருந்தார், அதனால் ஹேமன் வாராவாரம் மைக்கைப் பிடித்து லெஸ்னர் புராணம் பாட, செசாரோ குரூப் போட்டோவில் ஓரமாக மாட்டிக்கொண்டவர் மாதிரி பக்கத்தில் நின்றார். ஜூலையில் அந்தக் கூட்டணியும் கலைந்தது.

டிசம்பரில் முன்னாள் வீரர் ஸ்டீவ் ஆஸ்டின் எடுத்த பேட்டியில் அப்போதைய கம்பெனித் தலைவர் வின்ஸ் மெக்மேன், செசாரோ ரசிகர்களோடு ஒட்டவில்லை, ஒருவேளை சுவிஸ்காரர் என்பதாலோ என்னவோ என்கிற ரீதியில் பேசினார். 2013-ல் அவரை யோடலிங் (ஆல்ப்ஸ் மலைப் பாட்டு) பாடவிட்டு ரிங்குக்கு அனுப்பியது யாராம்?

நியாயமாகச் சொன்னால், பேச்சில் அவர் சுமார்தான், அதில் கம்பெனி பக்கமும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் ஷேமஸோடு ஜோடி சேர்ந்த டேக் டீம் காலத்தைப் பாருங்கள், வேடிக்கை, திமிர், அடி எல்லாம் தானாக வந்தது. 2017 நோ மெர்சி ஷோவில் ரிங் கம்பத்தில் மோதி முன்பற்கள் ஈறுக்குள்ளேயே ஏறிவிட்டன, மனிதர் வாயில் ரத்தத்தோடு மேட்சை முடித்துவிட்டுத்தான் போனார். இதற்கு மேல் எப்படி ஒட்டுவது?

ரெஸில்மேனியாவில், முன் நிகழ்ச்சியை விட்டுவிட்டு முக்கிய ஷோவில் மட்டும் பார்த்தால், அவருக்கு முதல் ஒற்றையர் மேட்ச் கிடைத்தது 2021-ல், கம்பெனியின் முதன்மை அணிக்கு வந்து ஒன்பது வருடம் கழித்து. சேத் ராலின்ஸை ஜெயித்தார், மே மாதம் ரோமன் ரெய்ன்ஸோடு டைட்டில் மேட்ச்சில் தோற்றார், ஜூனில் அதே ராலின்ஸிடமும் தோற்கவைத்தார்கள். கதை முடிந்தது. 2022 பிப்ரவரியில் ஒப்பந்தம் முடிந்ததும் கிளம்பிவிட்டார், ஜூனில் போட்டிக் கம்பெனியான ஏ.இ.டபிள்யூ.வில் கிளாடியோ காஸ்டக்னோலி என்ற சொந்தப் பெயரில் இறங்கினார், ஜூலையில் ரிங் ஆஃப் ஹானர் என்ற இன்னொரு கம்பெனியின் உலகப் பட்டம் கையில். அங்கேயும் பெரும்பாலும் பிளாக்பூல் காம்பாட் கிளப் என்ற கூட்டத்தில் ஒருவராகத்தான் இருந்தார் என்று சிலர் சொல்வார்கள். இருக்கட்டும், அதனால் 2014-ல் நடந்தது சரியாகிவிடுமா?

புதிதாகப் பார்ப்பவர்கள் டபிள்யூ.டபிள்யூ.ஈ.யின் வளரும் வீரர்களுக்கான பிரிவான என்.எக்ஸ்.டி.யின் 2014 அரைவல் ஷோவில் சாமி ஜெய்னோடு அவர் ஆடியதிலிருந்து தொடங்குங்கள். 2014 கோடைக்கால ரா எபிசோடுகளைத் தாராளமாகத் தாண்டிப் போகலாம்.